ஜெபம் நடக்கும் வீட்டில் விக்கா

என் துணி அலமாரியின் இரண்டாம் தட்டுக்கு அடிப்பக்கம் ஒரு கரி வட்டம் இருந்தது. நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது; தடவினால் விரலில் ஒட்டும். ஏழு மாதம் நான் அலமாரிக் கதவைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு, அதற்குள் யாருக்கும் தெரியாமல் மெழுகுவர்த்தி ஏற்றியதன் அடையாளம் அது. மெழுகுவர்த்திகூட அம்மா குடும்ப ஜெபத்துக்கென்று வைத்திருக்கும் பெட்டியிலிருந்து எடுத்ததுதான். அந்தக் கரியை அம்மா பார்த்த நாளும் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவையும் சேர்ந்து என் வாழ்க்கையில் ஏறக்குறைய மூன்று வருடங்களைத் தின்றுவிட்டன. யாராவது ஒருவர் முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அதில் பாதியைத் தவிர்த்திருப்பேன். விக்கா என்ற இயற்கை வழிபாட்டு மதத்தைப் பற்றித் தமிழில் தேடியபோது எனக்குக் கிடைத்தது ஒன்று பயமுறுத்தல், இல்லையென்றால் வசிய விளம்பரம். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்களுடையது பாட்டி காலத்துக்கும் முந்திய கிறிஸ்தவக் குடும்பம். காலையில் ஒரு ஜெபம், இரவில் ஒரு ஜெபம், வாரநடுவில் வீட்டுக்கூட்டம், ஞாயிறு ஆராதனை என்றே வளர்ந்தேன். ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். வாலிபர் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறேன். எனக்கு இருபத்திரண்டு வயதானபோது பாட்டி நோயில் விழுந்தார். சபையில் இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். பாட்டி பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர், "விசுவாசத்தில் எங்கோ குறைவு இருந்திருக்கிறது" என்றார். ஆறுதலாகத்தான் சொல்கிறோம் என்று நினைத்திருப்பார். நான் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கண்ணை மூடினால் ஜெபம் வரவில்லை. மெலிந்துபோன பாட்டியின் கைதான் வந்தது.

தூக்கம் வராத அந்த இரவுகளில் ஒன்றில்தான் விக்கா என்ற பெயரை முதலில் படித்தேன். தெய்வத்தை அம்மையாகவும் அப்பனாகவும் பார்க்கும் ஒரு மதம்; நிலா வளர்வதையும் தேய்வதையும் வழிபாட்டு நாட்களாகக் கொள்வது; வருடத்தை எட்டுப் பண்டிகைகளாகப் பிரித்து, பயிர் முளைப்பதையும் அறுப்பதையும் வெளிச்சம் குறைவதையும் திரும்புவதையும் கொண்டாடுவது; சாவைத் தண்டனையாகப் பார்க்காமல் சுற்றின் ஒரு பகுதியாகப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னதைப் படித்துவிட்டு அழுதேன். பாட்டி செத்ததற்கு யாரும் குற்றவாளி இல்லை என்று யாரோ எனக்கு முதல்முறையாகச் சொன்னதுபோல் இருந்தது. இயேசுவின் மேல் எனக்கு அன்றும் வெறுப்பில்லை, இன்றும் இல்லை. கிறிஸ்தவர்களுக்கு எதிராகப் போக வேண்டும் என்று நான் இந்தப் பக்கம் வரவில்லை. இதைப் பிறகு யாரிடம் சொன்னாலும் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

என் முதல் தவறு, கிடைத்ததையெல்லாம் அப்படியே நம்பியது. விக்கா கற்காலத்திலிருந்து இடைவிடாமல் வரும் மதம் என்றும், ஐரோப்பாவில் தொண்ணூறு லட்சம் பெண்களைத் திருச்சபை எரித்துக் கொன்றது என்றும் படித்தேன், மனப்பாடம் செய்தேன். பின்னாளில் போதகர் ஐயாவின் முன்னால் இதைச் சொல்லி வாதாடியபோது, அவர் அமைதியாக மறுநாள் இரண்டு வரலாற்று நூல்களோடு வந்தார். அவர் சொன்னது சரி, நான் சொன்னது தவறு. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட தலைகுனிவில், நான் சொன்ன உண்மைகளும் பொய்யாகிவிட்டன.

உண்மை இதுதான். இன்று நாம் விக்கா என்று அழைப்பதை உலகறியச் செய்தவர் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர், 1884இல் பிறந்தவர். இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்து, பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து, ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியவர். 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு குழு தனக்குத் தீட்சை கொடுத்ததாகச் சொன்னார். பிரிட்டனில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் அவருடைய நூல் வெளிவந்தது. வழிபாட்டு வரிகளில் பலவற்றை அழகாகத் திருத்தி எழுதியவர் அவருடைய சீடர் டோரீன் வாலியன்டே. பழைய மதம் ஒன்று மறைவாகத் தொடர்ந்து வந்தது என்று 1921இல் மார்கரெட் மர்ரே எழுதியதை இன்றைய வரலாற்று அறிஞர்கள் ஏற்பதில்லை. சூனிய வழக்குகளில் கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர் வரை என்று கணிக்கிறார்கள். அவர்களில் ஆண்களும் உண்டு. பெரும்பாலோர் தங்களைக் கிறிஸ்தவர்களாகவே கருதியவர்கள். தீர்ப்பு வழங்கியவை பல இடங்களில் ஊர் நீதிமன்றங்கள். இது எழுபது, எண்பது வயதுள்ள மதம் என்று தெரிந்தபோது முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு, புதியது என்பதனால் என் மனம் அடைந்த அமைதி பொய்யாகிவிடுமா என்று கேட்டுக்கொண்டேன். ஆகாது. ஆனால் நீங்கள் எந்தத் தரையில் நிற்கிறீர்கள் என்பது உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் ஒருநாள் கேட்பார்கள்.

இரண்டாவது தவறு, பொருள்கள். அத்தாமே என்னும் கத்தி, கிண்ணம், கோல், ஐமுனை நட்சத்திரம் பொறித்த தட்டு, கற்கள், எண்ணெய்கள் என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தேன். பொருள் கையில் இருந்தால்தான் நானும் உண்மையானவள் என்று ஒரு தவிப்பு. ஒவ்வொரு பார்சல் வரும்போதும் கதவுக்கு ஓடி, பொய் சொல்லி, பெட்டியைக் கிழித்து எறிந்து, பொருளைப் பழைய துணிக்குள் சுற்றி வைப்பேன். வாங்கியதில் நான் உண்மையில் பயன்படுத்தியவை மெழுகுவர்த்தியும் ஒரு நோட்டும்தான். அந்த மதத்தின் பண்டிகைகளுக்கும் பௌர்ணமிக்கும் கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. வானத்தைப் பார்க்க ஒரு ஜன்னல் போதும். பிறரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், அதிலும் பெற்றோரின் சம்பாத்தியத்தில் இருப்பவர்கள், முதல் ஒரு வருடம் எதையும் வாங்காமல் இருந்து பாருங்கள். கத்தி வாங்கவே வேண்டாம். கத்தியைப் பார்க்கும் தாய்க்கு நீங்கள் என்ன விளக்கம் சொன்னாலும் அவர் காதில் விழாது.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடிய அலமாரிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது, ஓர் இரவு என் சால்வையின் நுனி கருகிய வாடை வந்தபோதுதான் உறைத்தது. கையால் அடித்து அணைத்தேன். அடுத்த அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மறைக்க வேண்டியிருப்பதனாலேயே பாதுகாப்பில்லாத இடத்தில் தீயை வைக்கிறோம். அப்படி மறைக்க வேண்டிய சூழ்நிலையில் இருந்தால் தீயே வேண்டாம். மூலிகைகளும் அப்படித்தான். பென்னிராயல் போன்ற எண்ணெய்களை உள்ளே சாப்பிட்டால் கல்லீரல் கெட்டுப்போகும், உயிரும் போயிருக்கிறது. இயற்கையானது என்று எழுதியிருப்பதை நம்பி எதையும் குடிக்காதீர்கள்.

இனி, சொல்லக் கூசும் பகுதி. தனிமை தாங்காமல் இணையத்தில் ஒரு ஆசிரியையைத் தேடிப் பிடித்தேன். பல வருட அனுபவம் உள்ள தலைமைப் பூசாரி என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். என்னை "மகளே" என்று அழைத்தார். அந்த ஒரு சொல்லுக்கே நான் கரைந்துவிட்டேன். முதல் பாடத்துக்கு ஒரு தொகை, முதல் படித் தீட்சைக்கு ஒரு தொகை, சான்றிதழுக்கு ஒரு தொகை. நான்காம் மாதத்தில், "உன் வீட்டில் உனக்கு எதிராக ஜெபிக்கிறார்கள், அந்த ஜெபங்கள் உன்மேல் கட்டாக விழுந்திருக்கின்றன, அதை அறுக்கவில்லையென்றால் உனக்கு ஆபத்து" என்றார். அதற்கும் ஒரு தொகை. கொடுத்தேன். இரண்டாம் முறையும் கேட்டார், அப்போதும் கொடுத்தேன். மேற்படிப்புக்கென்று ஒன்றரை வருடம் சேர்த்திருந்த பணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மூன்றாம் முறை என்னிடம் இல்லை என்றேன். அதோடு அந்தக் கணக்கே காணாமல் போனது. அந்த வருடம் படிப்பில் சேர முடியவில்லை. வீட்டில் தேர்வுக்குத் தயாராகவில்லை என்று பொய் சொன்னேன்.

தெரிந்திருக்க வேண்டியவற்றை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். கார்ட்னர் வழியிலும், 1960களில் அலெக்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய வழியிலும், தீட்சைக்குப் பணம் வாங்கக் கூடாது என்பது உறுதியான வழக்கம். அங்கே தீட்சை நேரில்தான் நடக்கும். பொதுவாக ஒரு வருடமும் ஒரு நாளும் பழகிப் படிக்க வைத்த பிறகே பேச்சை எடுப்பார்கள். அவசரப்படுத்துகிறவர் ஆசிரியர் அல்ல. தனியாகவே இந்த வழியில் போகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குச் சான்றிதழும் தேவையில்லை, அதைக் கேட்பவரும் இல்லை. சில மரபுகளில் ஆடையின்றி வழிபடும் வழக்கம் உண்டு என்பது உண்மை. அதைச் சாக்காக வைத்துப் படம் கேட்கிறவரையோ, தொடுகிறவரையோ கண்டால் அந்த நிமிடமே விலகுங்கள். "உன்மேல் ஏதோ இருக்கிறது, நான் எடுத்துவிடுகிறேன்" என்று யார் சொன்னாலும், அதற்குப் பணம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், எழுந்து வந்துவிடுங்கள். இந்த வாக்கியத்தை நான் என் வாழ்க்கையில் இரண்டு பேரிடம் கேட்டேன். இரண்டாமவரைப் பற்றிக் கீழே வரும்.

பணம் போன துயரத்தை யாரிடமாவது கொட்ட வேண்டும்போல் இருந்தது. சின்ன வயதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடியவளிடம் சொன்னேன். அக்டோபர் கடைசி. விக்காவில் 31ஆம் தேதி மாலை சவின் பண்டிகை, இறந்தவர்களை நினைக்கும் நாள். பாட்டியின் நினைவில் ஒரு விளக்கு ஏற்றப்போகிறேன் என்ற உருக்கத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதே வாரம் சபையில், அதே தேதியில் வரும் ஹாலோவீன் பிசாசின் நாள் என்று பிரசங்கம் நடந்திருந்தது. போதாததற்கு நான் பயன்படுத்திய சொல்! ஆங்கிலத்தில் விக்கா வழியினர் தங்களைப் பெருமையோடு அழைத்துக்கொள்ளும் சொல்லை அப்படியே தமிழாக்கி, "நான் ஒரு சூனியக்காரி" என்றேன். அவள் முகம் மாறியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கையை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

தமிழில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். அடுத்தவர் குடியைக் கெடுப்பவள். பில்லி, ஏவல், செய்வினை எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக வந்து நிற்கும். வேதாகமத்தில் யாத்திராகமம் 22:18இல் உயிரோடு விடக்கூடாது என்று சொல்லப்படுபவளும் அதே சூனியக்காரிதான். இங்கிலாந்தில் எழுபது வருடமாகத் துலக்கித் துலக்கிப் புதுப்பொருள் கொடுத்த ஒரு சொல்லுக்குப் பதிலாக, துலக்காத சொல்லை எடுத்து என் தோழியின் மடியில் போட்டேன். தமிழில் பேசும்போது சூனியம், மந்திரம், மாந்திரீகம் என்ற சொற்களைத் தொடவே தொடாதீர்கள். "இயற்கையைத் தெய்வமாக வணங்கும் ஒரு வழி" என்று சொல்லுங்கள். அது ஏமாற்று வார்த்தை அல்ல, நான் செய்வது அதைத்தான்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. என் ஆத்துமா அழிந்துபோகும் என்று உண்மையாகவே பயந்து, வாலிபர் கூட்டத்து அண்ணனிடம் எனக்காக ஜெபிக்கச் சொன்னாள். அவர் மூப்பரிடம் பாரத்தோடு சொன்னார். மூன்று நாளில் என் பெயர் பல வீடுகளின் ஜெபக் குறிப்பில் ஏறியிருந்தது. யாரும் புறம் பேசவில்லை, எல்லாரும் ஜெபித்தார்கள். விஷயம் மட்டும் ஊர்முழுக்கப் போய்விட்டது. ஆகவே முதலில் யாரிடம் சொல்வது என்பதை ஒரு மாதம் யோசியுங்கள். உங்களை நேசிக்கிறாரா என்பதோடு, உங்களை இரட்சிக்க வேண்டும் என்ற கடமை அவர் மனச்சாட்சியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அவரால் வாய்மூடி இருக்க முடியாது. அது அவர் குற்றமும் இல்லை. என் விஷயத்தில், சபையைச் சேராத, வேலையிடத்து அக்கா ஒருவரிடம் முதலில் சொல்லியிருக்கலாம்.

நான்காம் நாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது வாசலில் நிறையச் செருப்புகள். உள்ளே பெரியம்மா, மூப்பர்கள், எனக்குத் தெரியாத ஓர் ஊழியக்காரர் உட்பட எட்டுப் பேர். என் அலமாரி திறந்து கிடந்தது. அம்மா ஒரு கரண்டியின் பின்பக்கத்தால் தட்டில் உறைந்திருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஊழியக்காரர் என்னை உட்கார வைத்து, தலைமேல் கை வைத்து, "மகளே, உன்மேல் ஒன்று இருக்கிறது" என்றார். பணம் பறித்தவர் எழுதிய அதே சொற்கள், அதே "மகளே". எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உடம்பு மரத்துப்போயிற்று. ஏறக்குறைய நான்கு மணிநேரம் விடுதலை ஜெபம் நடந்தது. நான் பேசாமல் இருந்தால் ஊமை ஆவி என்றார்கள், எழுந்திருக்கப் பார்த்தால் எதிர்க்கும் ஆவி என்றார்கள். அந்த அறையில் நான் சொல்லக்கூடிய எதுவும் என்னுடைய பேச்சாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

பிறகு அப்போஸ்தலர் 19:19ஐ வாசித்தார்கள். எபேசு நகரத்தில் மாயவித்தை செய்தவர்கள் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்னிலையிலும் எரித்ததையும், அவற்றின் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்பதையும் சொல்லும் வசனம். என் கத்தியையும் கற்களையும் ஒரு பையில் கட்டி எடுத்துப்போனார்கள். என் நோட்டை வீட்டுக்குப் பின்னால் எரித்தார்கள்.

அந்த நோட்டில் பௌர்ணமி பற்றி நான் எழுதியிருந்த பக்கத்துக்குள் பாட்டியின் கடிதம் இருந்தது. நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் பென்சிலால் எழுதி அனுப்பியது. கோடு போட்ட காகிதம். நாலாக மடித்து மடித்து நடுவில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுப் போட்டிருந்தேன். 121ஆம் சங்கீதத்தைப் பாட்டி முழுவதும் கைப்பட எழுதியிருந்தார். பகலில் வெயிலும் இரவில் நிலவும் உன்னைச் சேதப்படுத்தாது என்று அதில் ஒரு வசனம் வரும். அதற்கு அடியில் இரண்டு கோடு. அதனால்தான் அதை அந்தப் பக்கத்தில் வைத்திருந்தேன். தீ பிடிக்கும்போது கத்தியிருக்க வேண்டும். வாய் திறந்தால் ஆவி என்பார்கள் என்ற பயத்தில் பார்த்துக்கொண்டே நின்றேன். போன பணத்தை நினைத்து நான் இப்போது அழுவதில்லை. அந்தக் காகிதத்தை நினைத்து இன்னும் அழுகிறேன். உங்களிடம் ஈடு செய்ய முடியாத எதுவும் இருந்தால், படமெடுத்து வேறிடத்தில் வையுங்கள். மறைக்க வேண்டிய பொருளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

அடுத்து மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். மூன்றாம் நாள் வேலையிடத்தில் மயங்கி விழுந்து நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. மருத்துவர் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். அவர் அம்மாவைத் தனியே அழைத்துப் பேசியதற்குப் பிறகுதான் கூட்டம் நின்றது. இப்படி ஒரு நிலை வந்தால், உங்கள் உடம்பைப் பற்றிய முடிவை யாரிடமும் கொடுக்காதீர்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் எவர் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. கைப்பிடித்து உட்கார வைத்தால், "நான் வெளியே போக வேண்டும்" என்று ஒரே வாக்கியத்தைத் தெளிவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், விவாதம் வேண்டாம். சான்றிதழ்கள், அடையாள அட்டை, கொஞ்சம் பணம், ஒரு இரவு தங்க ஓர் இடம் ஆகியவை முன்பே தயாராக இருக்கட்டும். அடி விழும், படிப்பு நிற்கும், வீட்டைவிட்டு அனுப்புவார்கள் என்ற நிலை இருந்தால் சொல்லவே வேண்டாம். சொந்தக் காலில் நிற்கும்வரை மனத்துக்குள் வைத்திருப்பது கோழைத்தனம் அல்ல. மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை 1948லேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 1986இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் விக்காவை மதம் என்று ஏற்றது. 2007 முதல் அங்கே படைவீரர் கல்லறையில் ஐமுனை நட்சத்திரத்தைப் பொறிக்க அனுமதி உண்டு. இவை எனக்குத் தெம்பு கொடுத்தன. ஆனால் உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் அன்றிரவு நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

அதற்குப் பின் அம்மா என்னோடு ஐந்து மாதம் தேவைக்கு மட்டும்தான் பேசினார். நான் முதலில் வசனத்துக்கு வசனம் பதில் சொல்லிப் பார்த்தேன். வேதத்தில் எந்தோர் ஊரில் அஞ்சனம் பார்த்த பெண் சவுல் ராஜாவுக்கு இரங்கிச் சாப்பாடு போட்டாளே என்றுகூட வாதாடினேன். ஒரு பயனும் இல்லை. வேதத்தை அவர்கள் வாழ்நாள் முழுக்க வாசித்தவர்கள். நான் அதை ஆயுதமாக எடுத்தது அவர்களுக்கு இன்னும் வலித்தது. பயன் தந்தது வேறு. ஒருநாள் அம்மாவே வந்து உட்கார்ந்து, "நீ பிசாசை வணங்குகிறாயா?" என்று கேட்டார். இல்லை, இந்த மதத்தில் சாத்தான் என்ற ஒருவரே கிடையாது என்றேன். "யாருக்காவது கெடுதல் செய்கிறாயா?" யாருக்கும் தீங்கு செய்யாமல் உன் விருப்பப்படி நட என்பதுதான் அதன் அடிப்படை நெறி, செய்தது மும்மடங்காகத் திரும்பும் என்றும் நம்புகிறார்கள் என்றேன். "எங்களை வெறுக்கிறாயா?" இதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை, அழுதுவிட்டேன். அம்மாவுக்கு அதுதான் பதிலாக இருந்தது. உங்கள் வீட்டிலும் கேள்விகள் இந்த மூன்றாகத்தான் இருக்கும். சுருக்கமாக, பொய்யில்லாமல், குரல் உயராமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். "எல்லாம் ஒன்றுதான் அம்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்களுக்கு ஒன்றல்ல. அவர்கள் பயப்படுவது என் நித்தியத்தைப் பற்றி. அந்தப் பயத்தைச் சின்னதாக்கிப் பேசினால், அவர்கள் அன்பையும் சேர்த்துச் சின்னதாக்குகிறோம்.

சில மாதம் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தேன். கிறிஸ்தவ விக்கர் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு, அவர்களுக்கு அது பொருந்தலாம். எனக்குத் திருவிருந்து அப்பத்தைக் கையில் வாங்கும்போது கை நடுங்கியது. அது என் அம்மாவுக்கு எவ்வளவு பரிசுத்தமானது என்று தெரிந்திருந்தும், நம்பாமல் சாப்பிடுவது திருட்டுபோல் இருந்தது. போதகர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். நூல்களோடு வந்து என்னைத் திருத்திய அதே ஐயா. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொய்யாக எடுப்பதைவிட எடுக்காமல் இருப்பது நல்லது மகளே" என்றார். மூன்றாவது "மகளே". இவர் மட்டும் என்மேல் எதுவும் இருப்பதாகச் சொல்லவில்லை. இப்போது பண்டிகை நாட்களில் அம்மாவோடு ஆராதனைக்குப் போகிறேன், பாடுகிறேன், திருவிருந்து வரும்போது உட்கார்ந்துகொள்கிறேன்.

என் தோழி திரும்பவில்லை. அவள் திருமணத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. படிப்பில் இரண்டு வருடம் தாமதமாகச் சேர்ந்தேன். பௌர்ணமி இரவுகளில் மாடியில், தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே ஒரு விளக்கு வைத்து அரைமணி நேரம் உட்காருகிறேன். அம்மாவுக்குத் தெரியும். மாடிக்கு வரமாட்டார், நான் இறங்கும்வரை தூங்கவும் மாட்டார்.

கடிதம் எரிந்த விஷயத்தை ஒன்றரை வருடம் கழித்துத்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எதுவும் பேசாமல் எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து என் அலமாரியில் ஒரு தாள் இருந்தது. அந்தக் கடிதத்தை அம்மாவும் ஒருமுறை படித்திருக்கிறார். நினைவில் இருந்ததையெல்லாம் தன் கையால் எழுதியிருந்தார், 121ஆம் சங்கீதம் முழுவதும், நிலா வசனத்துக்கு அடியில் இரண்டு கோடு. தொடக்கத்தில் "கண்ணம்மா" என்று இருந்தது. பாட்டி எழுதியது "சின்னக்குட்டி" என்றேன். இல்லவே இல்லை, கண்ணம்மாதான் என்றார் அம்மா. அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க இதே வாக்குவாதம். கடைசியில் அம்மா எழுதியதற்கு மேலே, பென்சிலால் என் சொல்லையும் எழுதி வைத்தேன். அம்மா அதை இன்னும் அழிக்கவில்லை.